கேட்டவர்களின் கடிதங்கள்

போன ஆடி மாதம். ரேணுகாம்பாள் கோயிலுக்கு வந்த கூட்டத்தில் படவேட்டுத் தெருக்களில் நடக்கவே இடமில்லாத ஒரு வெள்ளிக்கிழமை. நான் வீட்டுத் திண்ணையில் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்து எடுத்த ஒரு தாளை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கீழே இருந்த தன் கையெழுத்தை மட்டும் பார்த்தார். "இன்னாத்துக்குடா இத இன்னும் வச்சிகினு இருந்தாரு அந்த மனுஷன்? கிழிச்சிப் போட்டுடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பெட்டி எங்கள் பக்கத்தில் ஒரு கட்சியின் ஒன்றியச் செயலாளராக நெடுங்காலம் இருந்த ஒருவருடையது. எம்.எல்.ஏ. சீட் ஒருமுறைகூடக் கிடைக்காதவர். ஆனால் ஊரில் எல்லோருக்கும் அவர் 'தலைவர்'தான். அவர் இறந்து சில வருடம் கழித்து, வீட்டை இடித்துக் கட்டும்போது பெட்டி வெளியே வந்தது. நான் சென்னையில் ஒரு நூலகத்தில் பழைய தாள்களை ஒழுங்குபடுத்தும் வேலை பார்த்தவன் என்பதால் அவருடைய மகள் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, அப்பாவோட அரசியல் வாழ்க்கை முழுக்க இதுல இருக்கு. எங்கயாவது பத்திரமா வைக்கணும். நீயே அடுக்கிக் கொடு." கொஞ்சம் தயங்கி இன்னொன்றும் சொன்னார்: "அப்பா பேர் கெடாத மாதிரி பாத்துக்கோ."

இந்த இரண்டு வேண்டுகோளுக்கும், அம்மா சொன்ன "கிழிச்சிப் போட்டுடு"வுக்கும் நடுவில் மூன்று வாரம் மாட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பழைய தாள்களைத் தொட்டதும் வரும் முதல் ஆசை, தேதி வாரியாக அடுக்குவது. அதைச் செய்யவே கூடாது. தாள்கள் கிடைத்த வரிசையிலேயே இருக்க வேண்டும். எந்தக் கட்டில் எது எதற்கு அடுத்து இருந்தது என்பதும் ஒரு செய்தி. துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாக எடுக்க வேண்டும், இல்லையென்றால் துரு தாளைத் தின்றுவிடும். இளகிப்போய் ஒட்டிக்கொண்ட ரப்பர் பேண்டுகளைப் பிய்க்காமல் பிரிக்க வேண்டும். மடித்த இன்லண்ட் லெட்டர்களை நிமிர்த்தி, எண் போட்டு, அமிலம் இல்லாத உறைகளில் வைக்க வேண்டும். எண்ணைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். லேமினேஷன் கூடவே கூடாது, அது தாளுக்குக் கட்டும் சமாதி.

தலைவர் தன் தாள்களைத் துணிக்கிழிசலால் கட்டி வைத்திருந்தார். சில கட்டுகள் வெள்ளைத் துணியில், சில சிவப்பில். நான் அவசரப்பட்டுத் தேதி வாரியாகப் பிரித்திருந்தால் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

அவர் எழுதியவை பெட்டியில் ரொம்பக் குறைவு. தாசில்தாருக்கும் பி.டி.ஓ.வுக்கும் கொடுத்த பரிந்துரைக் கடிதங்களின் கார்பன் பிரதிகள், மாநாட்டு அழைப்பிதழ்கள், சில போட்டோக்கள். மற்றதெல்லாம் அவருக்கு வந்தவை. பட்டா மாற்றித் தரச் சொல்லி, கரண்ட் இணைப்பு கேட்டு, வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லி, ஓடிப்போன மகளைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி வந்த கடிதங்கள். ஒரு அரசியல்வாதியின் பெட்டி என்கிறோம். திறந்து பார்த்தால் அது பிறத்தியார் பெட்டி. ஊரே தன் கஷ்டத்தைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்திருக்கிறது.

அப்படியென்றால் அது யாருடையது?

பெரிய இடத்துப் பெட்டிகளைப் பற்றி இந்தக் கேள்வி அடிக்கடி எழுந்திருக்கிறது. நேருவின் தாள்கள் டெல்லியில் தீன்மூர்த்தி பவனத்து நூலகத்தில் இருந்தன. 2008இல் அவற்றில் 51 பெட்டிகள் குடும்பத்தின் சார்பில் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டன. 2024இல் அந்த நிறுவனத்தின் உறுப்பினர் ஒருவர் அவற்றைத் திரும்பக் கேட்டுக் கடிதம் எழுத, குடும்பச் சொத்தா தேசத்தின் சொத்தா என்று டிவியில் சண்டை நடந்தது. அமெரிக்காவில் நிக்சன் விவகாரத்துக்குப் பிறகு 1978இல் சட்டமே போட்டார்கள்: இனி ஜனாதிபதி பதவியில் இருக்கும்போது உருவாகும் ஆவணங்கள் அரசுக்குச் சொந்தம், அவருக்கு இல்லை. இந்தியாவில் 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசின் ஆவணங்களை அழிப்பவருக்கு ஐந்து வருடம் வரை சிறை என்கிறது. இந்தச் சண்டைகளில் எப்போதும் இரண்டே கட்சி. ஒன்று வாரிசு, இன்னொன்று அரசு. அந்தத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதிய மூன்றாவது ஆளை யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை.

இத்தனைக்கும் சட்டத்துக்கு அந்த மூன்றாவது ஆளைத் தெரியும். ஒரு கடிதம் வந்தால் தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதில் இருக்கும் சொற்களின் பதிப்புரிமை எழுதியவருக்கே. தலைவரின் மகள் என்னிடம் தாள்களைத்தான் கொடுத்தார். சொற்களைக் கொடுக்க அவருக்கு உரிமை கிடையாது.

காந்தியின் தொகுப்பு நூல்கள் ஆங்கிலத்தில் 100 தொகுதிகள். அவர் எழுதியது, பேசியது எல்லாம் அதில் உண்டு. அவருக்கு எழுதியவர்களின் குரல் அடிக்குறிப்புகளிலும் பிற்சேர்க்கைகளிலும் எப்போதாவது கேட்கும், அவ்வளவுதான். வ.உ.சி. 1912 கடைசியில் சிறையிலிருந்து வந்தபோது கப்பல் கம்பெனி போயிருந்தது, வக்கீல் சன்னதும் போயிருந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியிடம் இருந்தது. அதைக் கேட்டு 1915இல் அவர் காந்திக்குக் கடிதம் எழுதினார். ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப. 347 ரூபாய் 12 அணா. ஆ.இரா. வேங்கடாசலபதி இந்தக் கடிதப் போக்குவரத்தைத் தேடி வெளியிட்டதால்தான் நமக்கு இது தெரியும். செக்கிழுத்த செம்மலைப் பாடப்புத்தகத்தில் படித்த எனக்கு, பணம் எப்போது வரும் என்று கேட்டு எழுதும் அந்த மனிதர்தான் இன்னும் நெருக்கமாக இருந்தார்.

ஆனால் வ.உ.சி.யிடம் யாராவது கேட்டிருந்தால், அந்தக் கடிதங்களை வைத்திருங்கள் என்று சொல்லியிருப்பாரா? 'கிழித்துப் போடுங்கள்' என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். அம்மாவைப் போலவே.

அதனால் இரண்டு பக்கமும் எனக்கு நியாயம் தெரிகிறது. ஆவணக் காப்பாளர்களுக்குள்ளேயே இந்தத் தகராறு உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த ஹிலாரி ஜென்கின்சன் 1922இல் எழுதிய கையேட்டில், எது வேண்டும் எது வேண்டாம் என்று தீர்மானிப்பது காப்பாளரின் வேலையே இல்லை, வந்ததை வந்தபடி காப்பதுதான் வேலை என்றார். அமெரிக்கரான ஷெல்லன்பெர்க் 1956இல், எல்லாவற்றையும் வைக்க இடமேது, மதிப்பிட்டுக் கழித்துத்தான் ஆகவேண்டும் என்றார். இரண்டு பேரும் அரசு அலுவலகங்களின் மலைமலையான கோப்புகளை மனதில் வைத்துப் பேசியவர்கள். எழுதியவர் பக்கத்து அறையில் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று இருவருமே சொல்லவில்லை.

எங்கள் ஊருக்கு ஆவணம் புதிதில்லை. படவேடு, பழைய படைவீடு, சம்புவராயர்களின் தலைநகரம். பிறகு விஜயநகர ஆட்சியில் இந்தப் பகுதிக்கே படைவீட்டு ராஜ்ஜியம் என்று பெயர். வேலூருக்குப் பக்கத்தில் விரிஞ்சிபுரம் கோயிலில் 1425ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. படைவீட்டு ராஜ்ஜியத்துப் பிராமணர்கள், கன்னடர், தமிழர், தெலுங்கர் எல்லோரும் கூடி, இனிமேல் பெண்ணைக் கன்னிகாதானமாகத்தான் கொடுப்போம், பொன் வாங்கிப் பெண் கொடுப்பவனும் பொன் கொடுத்துப் பெண் எடுப்பவனும் அரசதண்டனைக்கு உரியவர்கள், சாதியிலிருந்து விலக்கப்படுவார்கள் என்று ஒப்பந்தம் செய்து கையெழுத்திட்டது. ஊர் அறிய வேண்டும் என்று நினைத்ததைக் கல்லில் வெட்டினார்கள். அன்று பொன்னுக்குக் கைமாறிய ஒரு பெண்ணின் பெயர்கூட அதில் கிடையாது. அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்று சொல்லும் துண்டுச் சீட்டு ஏதாவது இருந்திருந்தால், அது கிழிக்கப்பட்டிருக்கும், இல்லை கரையானுக்குப் போயிருக்கும். கல் அறுநூறு வருடம் நிற்கிறது. அம்மாவின் மனு நாற்பது வருடம் தாங்கியதே பெரிது.

அந்த மனு 1983இல் எழுதியது. அதற்கு முந்தைய வருடம் ஜூலையில்தான் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். ஊர் ஊருக்கு அமைப்பாளர், சமையலர், ஆயா என்று பெண்களுக்கு வேலை வந்தது. அம்மா ஆயா வேலை கேட்டிருக்கிறார். மனு சிவப்புத் துணிக் கட்டில் இருந்தது.

பெட்டியின் அடியில் ஒரு சின்ன நோட்டும் இருந்தது. வரிசையாகப் பெயர்கள், பக்கத்தில் தொகைகள். சில தொகைகள் குறுக்கே கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. தலைவரின் மகள் அதைப் பார்த்து, "அப்பா கைமாத்து கொடுத்த கணக்கு. திரும்பி வந்ததை அடிச்சிருக்காரு" என்றார். நானும் நம்பினேன். அம்மா பெயரும் அதில் இருந்தது. 800. குறுக்கே கோடு.

அன்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவுரு எனக்குக் குடுக்கலடா. நான் அவுருக்குக் குடுத்தது. கம்மல வித்து. வேல வரல. மூணு தடவயா முழுசையும் திருப்பிக் குடுத்துட்டாரு. கோடு போட்டிருந்தா திருப்பிக் குடுத்தாச்சின்னு அர்த்தம்."

நோட்டை மறுபடி எடுத்துக் கட்டுகளோடு ஒப்பிட்டேன். கோடு போட்ட பெயர்களின் மனுக்கள் சிவப்புத் துணியில் இருந்தன. கோடு போடாத பெயர்கள் வெள்ளைத் துணியில். அதாவது வேலை முடிந்தவை. முடிந்த வேலைக்கு வாங்கிய பணம் அவரிடமே இருந்துவிட்டது. லஞ்சம் வாங்கினார். வேலை நடக்காவிட்டால் ஒரு பைசா குறையாமல் திருப்பியும் கொடுத்தார். இந்த மனிதரை எந்தக் கட்டில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. அம்மா சொல்லியிருக்காவிட்டால், தர்மவானின் கைமாற்றுக் கணக்கு என்றே அந்த நோட்டு காப்பகத்துக்குப் போயிருக்கும்.

மகள் சொன்னது எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. குடும்பங்கள் வழக்கமாக என்ன செய்கின்றன? தலைவரின் ரகசியங்களை எடுத்துவிட்டு, ஏழைகளின் மனுக்களை விட்டுவைக்கின்றன. மனுக்கள் அவர் பெருமைக்குச் சாட்சி அல்லவா? எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. அதிகாரம் வைத்திருந்தவர் அதை எப்படிச் செலவு செய்தார் என்று கேட்க ஊருக்கு உரிமை உண்டு. கையேந்தியவருக்குத்தான் மறைப்பு வேண்டும். மறைப்பு என்றால் அழிப்பு இல்லை, காலம். பிரிட்டனில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களை நூறு வருடம் மூடி வைக்கிறார்கள். 1921இல் எடுத்தது 2022இல்தான் திறந்தது. சொன்னவரும், அவரைப் பார்த்துச் சிரிக்கக்கூடியவரும் போன பிறகு அதே தாள் வரலாறாகிவிடுகிறது.

சிக்கல், இரண்டும் ஒரே தாளில் இருப்பதுதான். தலைவரின் நோட்டைத் திறந்தால் கம்மல் விற்றவர்களும் வெளியே வருகிறார்கள். எங்கள் மாதிரி ஊரில் ஒரு பெயர், ஒரு தெரு போதும், சாதி வரை சொல்லிவிடலாம். அதனால் நோட்டுக்கு ஒரு நகல் எடுத்தேன். பெயர்கள் இருந்த இடத்தில் எண்கள். தொகை, கோடு, துணியின் நிறம் எல்லாம் அப்படியே. அந்த நகலை யாரும் பார்க்கலாம். மூலமும் மனுக்களும் மூடிய உறையில் இருக்கும், அவரவர் காலம் வரைக்கும். மகளிடம் சொன்னேன். நோட்டை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றார். "அக்கா, இது இல்லாம அந்த மனு எல்லாம் பாதிக் கதைதான். திருப்பிக் கொடுத்தாருங்கறதும் இதுலதான் இருக்கு" என்றேன். ஒரு வாரம் கழித்து போன் பண்ணி, "எடுத்துக்கோ" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

அம்மாவின் தாள் மட்டும் மிச்சம். அது என்னுடைய கையில் இருந்தது, கிழித்தால் யாருக்கும் தெரியாது. "கிழிச்சிடறேன்மா. அதுக்கு முன்னாடி ஒரு தடவ படிக்கட்டுமா?" என்று கேட்டேன். அந்த மனுவை எழுதியது பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். அம்மா கீழே கையெழுத்து மட்டும் போட்டவர். நாற்பது வருடத்தில் அதை முழுசாகக் கேட்டதே இல்லை.

படித்தேன். 'என் கணவர் குடிப்பழக்கம் உள்ளவர், வேலைக்குச் செல்வதில்லை, குடும்பத்தைக் கவனிப்பதில்லை' என்ற இடத்தில் அம்மா கையை நீட்டித் தடுத்தார்.

"இரு. அத நான் சொல்லல."

"என்னம்மா?"

"உங்கப்பா குடிச்சாரு. இல்லன்னல. ஆனா ஒருநாளும் வேலைக்குப் போவாம இருந்தது கெடையாது. வாழத் தோட்டத்துல தார் சொமந்து சொமந்து தோளு காச்சிப்போயிருந்திச்சி. வாத்தியாரு மனசெரங்கட்டும்னு சேத்து எழுதிட்டாரு போலருக்கு."

அப்பா இறந்து பதினோரு வருடமாகிறது. அம்மா கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கிழிக்காத. இது பொய்யின்னு பக்கத்துல எழுது" என்றார்.

காப்பகத்து விதிப்படி மூலத்தின் மேல் எதுவும் எழுதக் கூடாது. தனித் தாள் ஒன்றை எடுத்தேன். அம்மா சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தையும் நான் சேர்க்காமல், பென்சிலால் எழுதினேன். எழுதியதைத் திருப்பிப் படித்துக்காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். 1983இல் போட்ட அதே கையெழுத்துதான், கொஞ்சம் நடுக்கத்தோடு.

இரண்டு தாளையும் ஒரே உறையில் வைத்தேன். மேலே எண்ணும், எப்போது திறக்கலாம் என்பதும் இருக்கின்றன. தேதி வேண்டாம், 'எனக்கு அப்புறம்' என்று மட்டும் போடச் சொன்னார் அம்மா. அப்படியே போட்டிருக்கிறேன்.

சிவப்புக் கட்டில் இன்னும் நிறையப் பெயர்கள் இருக்கின்றன. சிலர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்க வேண்டும்.