எதிரே நில்லாத உடையவர்

கடைவீதியில் ஒரு படி அரிசி விற்கும் வியாபாரிக்குத் தன் எதிரே நிற்பவர் யார், அளவு குறைந்தால் யாருடைய வயிறு காயும் என்பதெல்லாம் தெரிந்திருப்பதால், அவனுடைய மனச்சாட்சிக்கு ஒரு முகம் கிடைத்துவிடுகிறது. அதே வியாபாரி சர்க்காருக்குப் பொருள் விற்கத் தொடங்கும்போது அந்த முகம் மறைந்து போகிறது. நம் அரசியல் சட்டத்தின் 299-ஆம் பிரிவின்படி மத்திய சர்க்காரின் ஒப்பந்தங்கள் குடியரசுத் தலைவரின் பெயராலும் மாநில சர்க்காரின் ஒப்பந்தங்கள் ஆளுநரின் பெயராலும் எழுதப்பெற வேண்டும். ஆயினும் அவ்விருவரும் அவற்றுக்குத் தம்மளவில் பொறுப்பாளிகள் ஆகார் என்றும், அவர்கள் சார்பில் கையெழுத்திடும் அதிகாரியும் அவ்வாறே பொறுப்பாளி ஆகான் என்றும் அதே பிரிவு விதித்திருக்கிறது. அப்படியானால் அந்தப் பொருளுக்கு உண்மையில் விலை கொடுப்பவர் யார், விற்பவன் யாருக்குக் கடமைப்பட்டவன் என்ற கேள்வி, வியாபாரத்தைக் கடந்து தர்ம விசாரணைக்கு உரியதாகிவிடுகிறது.

உடையவர் எதிரே நில்லாத சொத்தோடு பழகுவது நம் மக்களுக்குப் புதிதன்று. கோயிற் சொத்துக்கு உடையவராகிய மூர்த்தி கணக்குக் கேட்பதில்லை. வழக்கு மன்றத்தில் அவருக்காக வேறொருவர்தாம் நிற்க வேண்டும். ஆகவேதான் சிவன் சொத்து குலநாசம் என்று சொல்லி வைத்து, வாய் பேசாத உடையவருக்குத் தலைமுறைகளின் அச்சத்தையே காவலாக நிறுத்தினார்கள் நம் முன்னோர். ஆனால் அச்சத்தை மட்டும் அவர்கள் நம்பியிருக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில், முதலாகக் காசு பெற்றுக்கொண்ட நகரத்து வணிகர்கள் அதன் வட்டிக்கு ஈடாகப் பிள்ளையாருக்கு நாள்தோறும் வாழைப்பழம் அளிக்க உடன்பட்ட செய்தி, கொடுத்தது எவ்வளவு, கொள்வது எவ்வளவு என்ற விவரங்களோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே நெல் அளந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று இறைவன் திருநாமத்தையே சூட்டியிருந்தார்கள். பேசாத உடையவருக்காக அளவையும் ஒப்பந்தமும் பேசும்படி செய்த அந்த ஏற்பாட்டை நான் நினைக்குந்தோறும் வியக்கிறேன்.

சர்க்காரின் கஜானாவும் இத்தகைய சொத்தே. சோப்புக் கட்டி வாங்கும் கூலிக்காரப் பெண்ணும் அதன் விலையோடு வரி செலுத்துகிறாள். அவள் எந்த டெண்டர் திறப்புக்கும் வருவதில்லை. அவளுடைய பிள்ளை உட்காரும் பள்ளிக்கூட பெஞ்சு இரண்டே வருஷத்தில் கால் ஒடிந்தால்தான் ஏதோ பிழை நேர்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியவரும். பெஞ்சு விற்பவனும், அதைக் கொள்முதல் செய்யும் அதிகாரியும், இருவருக்கும் இடையே வழி சொல்லிக் கொடுப்பவனும் ஆகிய மூவரும் அவளுக்கே தர்மகர்த்தாக்கள் என்பது என் துணிபு. இம்மூவரில் கடைசியாகச் சொன்னவனைப் பற்றித்தான் மிகுந்த ஐயம் நிலவுகிறது. பொருள் நல்லதாயிருந்தால் அதை விற்க ஒரு வழிகாட்டி எதற்கு, நடுவில் ஒருவன் வந்தாலே அங்கே கறை படிந்துவிட்டது என்று பொருளல்லவா என்று நேர்மையுள்ள பெரியோர்களே கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு விடை தேட, 1979-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கை நினைவுகூர வேண்டும். பம்பாய் விமான நிலையத்தில் இரண்டாந்தர உணவு விடுதி ஒன்றை நடத்துவதற்கு, ஐந்து ஆண்டு அனுபவம் உள்ள, பதிவுபெற்ற இரண்டாந்தர விடுதிக்காரர்களிடமிருந்து டெண்டர் கோரிவிட்டு, அந்தத் தகுதி இல்லாத ஒருவருக்கே அதை அளித்துவிட்டார்கள். நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு, ஒரு தனி மனிதன் தனக்கு விருப்பமானவரோடு வியாபாரம் செய்வதுபோல் அரசு செய்ய இயலாது என்றும், தான் அறிவித்த தகுதிக்குத் தானே கட்டுப்பட்டது என்றும் உறுதி செய்தது. எனினும் வழக்குத் தொடுத்தவர் காலந்தாழ்ந்து வந்ததாலும், விடுதி பெற்றவர் அதற்குள் பொருள் செலவிட்டுவிட்டதாலும் அந்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் குலைக்கவில்லை. பட்சபாதத்தை விலக்குவதற்கு விதிகள் அவசியமாயின. ஆனால் விதிகள் பெருகப் பெருக, அவற்றைப் படித்தறியும் வசதி உடையவருக்கே கதவு திறக்கும் நிலையும் உடன் வந்து சேர்ந்தது. ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவு கூடாது என்பதற்காகத் தமிழ்நாட்டில் 1998-இல் இயற்றப்பெற்ற சட்டமும் அதன் விதிகளும், இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாட்களும் அதற்கு மேற்பட்டதற்கு 30 நாட்களும் அவகாசம் தர வேண்டும், விலைப்புள்ளி கொடுத்தவர்கள் முன்னிலையில் திறக்க வேண்டும், முடிவில் குறை கண்டவர் பத்து நாட்களுக்குள் சர்க்காரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றெல்லாம் நியாயமான ஏற்பாடுகளைச் செய்திருக்கின்றன. ஆனால் தச்சுப் பட்டறையில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்கும் ஒருவர், தொழில்நுட்ப உறை எது, விலை உறை எது, ஈ.எம்.டி. என்னும் முன்வைப்புத் தொகையிலிருந்து தமக்கு விலக்கு உண்டா, டிஜிட்டல் கையெழுத்தை எங்கே பெறுவது என்று அறியாமல் ஒரு சான்றிதழை இணைக்க மறந்து தள்ளுபடியானால், அங்கே நடுநிலை காக்கப்பட்டதாகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. மத்திய சர்க்காரின் துறைகள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைச் சிறு, குறு தொழில்களிடமிருந்து கொள்ள வேண்டும் என்ற விதி இருந்தும், அது தமக்குரியது என்று அறிந்திராதவருக்கு அதனால் என்ன பயன்? எழுத்தில் உள்ள நியாயத்தை எளியவர் கைக்கு எட்டச் செய்வது வித்தியாதானத்தின் ஒரு பகுதியே என்று நான் கருதுகிறேன்.

திருவள்ளுவர் வாணிகர்க்குரிய அறத்தைப் பொருட்பாலில் வைக்காமல், அறத்துப்பாலில் நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளாக வைத்தது சிந்திக்கத்தக்கது. பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேண வேண்டும் என்ற அந்தக் கருத்தைச் சர்க்கார் டெண்டருக்குப் பொருத்திப் பார்த்தால் வழிகாட்டியின் மிகக் கடினமான கடமை விளங்கும். குறைந்த விலைக்கே உத்தரவு என்ற முறையில், அடக்க விலைக்கும் கீழே எழுதி உத்தரவைப் பிடித்துவிட்டு, பிறகு மரத்தின் கனத்திலும் ஆணியின் எண்ணிக்கையிலும் அதை ஈடுகட்டிக்கொள்ளும் ஆசை எந்தப் பட்டறைக்காரரையும் தீண்டக்கூடும். அப்போது, இந்த விலைக்கு இந்தப் பொருளை உம்மால் தர முடியாது, இந்த டெண்டரைப் போடவேண்டாம் என்று சொல்லத் துணிபவனே நல்ல வழிகாட்டி. போட்டியிடுவோர் எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி, இம்முறை உனக்கு, அடுத்த முறை அவனுக்கு என்று பங்கு வைக்கும் சிண்டிகேட்டுக்குத் தூது செல்பவனை இந்தப் பேச்சில் சேர்க்கவே கூடாது. அது சட்டப்படி குற்றம் என்பதோடு, எதிரே நில்லாத அந்தப் பெண்ணிடமிருந்து களவாடுவதும் ஆகும்.

கடமை ஒரு பக்கத்தது மட்டுமன்று. பொருளை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் சிறு தொழிலுக்குப் பணம் தரவேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தும், அந்த வட்டியைக் கேட்டால் அடுத்த உத்தரவு வாராது என்ற அச்சத்தால் வாய் திறவாமல் இருப்பவர் பலர். வங்காளத்தில் சிவில் சப்ளை அதிகாரிகளின் வேண்டுகோளின்படி கிடங்குகள் கட்டிக் கொடுத்த ஒரு கான்டிராக்டர், முறையான ஒப்பந்தம் இல்லை என்ற காரணத்தால் பணம் மறுக்கப்பட்டு வழக்காடியபோது, கிடங்குகளால் பயனடைந்த அரசு அதற்கு ஈடு செய்தே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்ததை இத்தகையோர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

வழிகாட்டியையும் தரகனையும் எவ்வாறு பிரித்தறிவது? வழிகாட்டி கற்பிப்பதைப் போட்டியிடும் பத்துப் பேருக்கும் ஒரே மண்டபத்தில் கற்பித்தாலும் அதன் மதிப்புக் குறைவதில்லை, டெண்டர் முன்னிலும் தூய்மை பெறுகிறது. தரகன் விற்பதோ ஓர் அதிகாரியின் முகதாட்சணியம், அதை இரண்டாமவருக்கு விற்றால் முதலாமவருக்கு அது பயன்படாது. கூலி வாங்கும் முறையிலும் இந்த வேற்றுமை தெரிந்துவிடும். உத்தரவுத் தொகையில் நூற்றுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டவனுக்குப் பலனில் பற்று ஏற்பட்டுவிடுவதால், போடவேண்டாம் என்ற சொல் அவன் நாவில் எழாது. வென்றாலும் தோற்றாலும் ஒரே கூலி என்று வைத்துக்கொண்டவனுக்கே அந்தச் சுதந்திரம் உண்டு. பெரிய கொள்முதல்களில் மத்திய சர்க்கார் கையெழுத்து வாங்கும் நேர்மை உடன்படிக்கை, இடையில் நின்றவர்களுக்குக் கொடுத்த, கொடுக்கப்போகும் தொகை அனைத்தையும் வெளியிடுமாறு விற்பவரைக் கேட்கிறது. சிறு டெண்டர்களுக்கு அத்தகைய கட்டாயம் இல்லாவிட்டாலும், வழிகாட்டியாக இருக்க விரும்புகிறவர் தம் கூலியை இன்னதென்று அந்தப் பட்டறைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் தம் பெயரோடு எழுதச் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்.