சலங்கையும் தானமும்

பரதம் பயின்ற மகள் மேற்படிப்பிற்கோ, மணமாகியோ வீட்டை விட்டுச் சென்றபின் அவளுடைய சலங்கை பரணுக்குச் சென்றுவிடுகின்றது. தில்லை நகரில் வாழும் நம் சிராவகக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. (ஆடலே நமக்கு உரியதோ என வினவுவோர்க்கு ஒன்று கூறுவோம்: ஆதிபகவனுக்கு வைராக்கியம் பிறந்தது நீலாஞ்சனையின் நடனத்தைக் கண்ட வேளையில் அன்றோ!) மேலைநாடுகளில் பாலே பயில்வோர், ஆடிப் பழகிய காலணிகளை வசதியற்ற பிள்ளைகளுக்கு அளிப்பதுண்டு. நம் ஆடல் வெறுங்காலால் நிகழ்வது. ஆதலின் நம்மிடம் கொடுப்பதற்கு எஞ்சுவது சலங்கையே. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளிலும், 5 முதல் 16 வயது வரையுள்ள சிறார் கலை பயிலும் ஜவகர் சிறுவர் மன்றங்களிலும் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பரதம் கற்கின்றனர். ஓர் இணைச் சலங்கையின் விலை அவர்தம் பெற்றோர்க்குச் சுமையே. பரிக்கிரக பரிமாணம் என்னும் அணுவிரதம் பூண்ட நாம் பயன்படாப் பொருளைப் பூட்டி வைத்தல் அழகன்று.

ஆயினும் அச்சலங்கையைக் கையில் எடுத்தவுடன் ஓர் ஐயம் எழுகின்றது. மணிகள் உலோகம், அவை தைக்கப்பட்ட பட்டையோ பெரும்பாலும் தோல். வயல்வழி நடந்தால் நண்டும் நத்தையும் அடியில் மிதிபட்டு வருந்துமே என்று கவுந்தியடிகள் அஞ்சியதைச் சிலப்பதிகாரம் கூறும். அப்பெருமாட்டி கோவலனோடும் கண்ணகியோடும் தங்கிச் சென்ற உறையூரை அடுத்து வாழும் நாம், ஒரு குழந்தையின் காலில் தோலைக் கட்டுவித்து அதற்குத் தானம் எனப் பெயரிடுவதா?

உயிர் என்றோ போயிற்று; இதை எறிந்துவிட்டால் அக்குழந்தைக்குப் புதிய தோற்சலங்கை வாங்குவர், கொலையே பெருகும் என்பர் ஒரு சாரார். இவ்வாதத்தை எளிதில் தள்ள இயலாது. நாம் வைத்துக்கொள்ளக் கூசும் பொருளைப் பிறரிடம் தள்ளிவிட்டுப் புண்ணியமும் தேடுவதா என்பர் மறுசாரார். இதுவே கூர்மையான கேள்வி. தானத்தின் சிறப்பு விதி, திரவியம், தாதா, பாத்திரம் என்னும் நான்கினால் வேறுபடும் என்று தத்துவார்த்த சூத்திரத்தின் 7-ஆம் அத்தியாயத்தில் உமாஸ்வாமி முனிவர் உரைத்தார். பாத்திரத்தைப் பற்றி நாம் மிகுதியாகப் பேசுகின்றோம். திரவியத்தைப் பற்றி வினவுவோர் சிலரே.

மணிகளைத் தோலினின்று பிரித்து, தடித்த துணிப்பட்டையில் மீண்டும் தைத்துக் கொடுத்தலே தக்கது என்பது நம் கருத்து. வியர்வையில் ஊறிய பழந்தோல் எப்படியும் வெடித்திருக்கும். காலுக்கு 50 மணிகள் எனில் 100 மணிகளையும் ஒவ்வொன்றாகத் தைத்தல் வேண்டும். பொறுமை வேண்டும் வேலைதான். பரணில் கிடந்ததை இறக்கிக் கொடுப்பதால் நமக்குக் குறைவது ஒன்றுமில்லை. இவ்வுழைப்பே உண்மையில் நாம் கொடுப்பது.

விதியைப் பற்றியும் ஒரு சொல். சலங்கையைப் பூசையில் வைத்து ஆசானே மாணவிக்கு அளிப்பது பரத மரபு. ஆதலின் அதனை ஆசிரியரிடம் ஒப்படைத்தலே முறை. தந்தவர் பெயரைக் குழந்தை அறிய வேண்டுவதில்லை. மேடையிட்டு நிழற்படம் எடுத்து வழங்கினால், அச்சிறுமி ஆடுந்தோறும் நம் கடனையும் காலில் கட்டிக்கொண்டு ஆடுவாள். மற்றொன்று: கட்டுக் கயிறுகளைச் சற்று நீளமாக விட்டுத் தைத்தல் நன்று, பிள்ளைகளின் கால் விரைவில் வளர்ந்துவிடும்.