கோழிக்கு என்ன போட்டோம்?

தராசைச் சரியாகப் பிடிக்கும் கடைக்காரனை நேர்மையானவன் என்று உலகம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் தராசில் ஏறாத சரக்கு ஒன்றும் நம் கடைகளில் விற்பனையாகிறது. அது நம் வாய்ச்சொல். ஒரு கோழி இரண்டு கிலோ இருக்கிறதா என்பதைத் தராசு சொல்லிவிடும். அது என்ன தின்று வளர்ந்தது என்பதை வளர்த்தவன்தான் சொல்லவேண்டும். இந்தச் சொல்லைப் பற்றியே சகோதரர்களுடன் சிறிது பேச விரும்புகிறோம்.

சுங்கைப்பட்டாணிப் பக்கத்தில் நமக்குச் சிறு மளிகைக்கடை. வீட்டுக் கொல்லையில் சில ஆண்டுகளாக இறைச்சிக்காகக் கம்பத்துக் கோழி வளர்த்து வருகிறோம். 2022 ஜூன் முதல் தேதியிலிருந்து மலேசியா மாதம் 36 இலட்சம் கோழிகளின் ஏற்றுமதியை நிறுத்திவைத்ததும், சிங்கப்பூர் சகோதரர்கள் கோழிக்குத் தவித்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தத் தடை அவ்வாண்டு அக்டோபரில் நீங்கியது. அன்றைய தட்டுப்பாட்டுக்குத் தீனி விலையேற்றம் ஒரு பெரிய காரணம். நம் நாட்டுக் கோழித் தீனியின் மக்காச்சோளமும் சோயாவும் பெரும்பாலும் கப்பலில் வருபவை. அப்போதுதான் நமக்கு ஓர் எண்ணம் பிறந்தது. கெடாவில் அரிசி ஆலைகள் உண்டு. தவிடும் நொய்யும் கிடைக்கும். சோயாவை ஒதுக்கிவிட்டால் செலவும் குறையும், 'சோயா இல்லாத கோழி' என்று கூடுதல் விலையும் கேட்கலாம். நிய்யத்தில் பாதி சிக்கனம், பாதி பேராசை என்பதை மறைக்கவில்லை.

முதல் தடவை முப்பது குஞ்சுகள் வாங்கினோம். சோயா கலந்த ஆலைத் தீனியை நிறுத்தி, நொய், தவிடு, உடைத்த மக்காச்சோளம், அடுப்படிக் காய்கறித் துண்டுகள் இவற்றையே போட்டோம். வந்தவர்களிடமெல்லாம், "சுத்தமான தீனி, சோயா ஒரு மணிகூட இல்லை" என்று பெருமையடித்தோம். எட்டு வாரமாகியும் கோழிகளுக்கு இறகு சரியாக மூடவில்லை. ஒன்றின் முதுகை ஒன்று கொத்திப் புண்ணாக்கியது. ஆறு கோழிகள் செத்தன. மிஞ்சியவை பாதி எடைகூட வரவில்லை.

காரணத்தை ஒரு வியாபாரி தன் கணக்குப் புத்தகத்திலேயே கண்டிருக்கலாம். குஞ்சுக்குத் தீனியில் ஏறத்தாழ 20 சதவீதம் புரதம் வேண்டும். மக்காச்சோளத்தில் 8 அல்லது 9 சதவீதம்தான். தவிட்டில் 12, 13. சோயாப் புண்ணாக்கிலோ 44 முதல் 48 சதவீதம். அதோடு தானியங்களில் குறைவாயுள்ள லைசின் என்னும் சத்தும் அதில் தாராளம். உலகமெங்கும் கோழிப்பண்ணைக்காரர்கள் அதைத் தேடுவது இதனால்தான். பெரிய தூணை உருவிவிட்டு, அந்த இடத்தில் ஒன்றையும் நிறுத்தாமல், வீடு சாய்கிறதே என்று நாம் வியந்து நின்றோம். வயிறு நிறையத் தின்ற கோழிகள் பட்டினியால் மெலிந்தன. நாம் செய்தது அதுதான். வாயில்லாப் பிராணி அமானிதமாக நம் கையில் இருக்கிறது. அதன் பட்டினிக்கு 'சுத்தம்' என்று பெயர் சூட்டினால் பட்டினி மாறிவிடாது.

அடுத்த தடவை கேட்டுத் தெரிந்துகொண்டு செய்தோம். கடலைப் புண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. ஆனால் நம் ஈரக் காற்றில் எளிதில் பூசணம் பிடித்து நஞ்சாகும், ஆகையால் தொடவில்லை. செம்பனைக்கொட்டைப் புண்ணாக்கு இங்கே மலிவு. ஆனால் அதில் நார் மிகுதி, மாட்டுக்கு ஏற்ற அளவு கோழிக்கு ஏற்காது. தேங்காய்ப் புண்ணாக்கைக் கொஞ்சம் சேர்த்தோம். தூணுக்குத் தூணாக நின்றது மீன்தூள்தான். நல்ல மீன்தூளில் 60 சதவீதத்தை ஒட்டிப் புரதம் இருக்கிறது; லைசினும் உண்டு. அதை அளவோடு கலந்து, அறுப்பதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது நிறுத்திவிடுவோம். இல்லாவிட்டால் கறியில் மீன்வாடை வீசும். பண்ணைக் கோழி ஐந்தாறு வாரத்தில் எட்டும் எடைக்கு நம் கோழிக்கு நான்கு மாதம் ஆகிறது. அதனால் விலையும் கூடுதல். மக்காச்சோளம் இன்னும் கப்பலில் வந்ததுதான் என்பதையும் கேட்பவர்களிடம் சொல்லிவிடுகிறோம்.

இனி மார்க்கத்தின் பெயரால் வந்த கேள்விக்கு வருவோம். "சோயா தின்ற கோழி மக்ரூஹா, பாய்?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்று தலையசைத்திருந்தால் வியாபாரம் பெருகியிருக்கும். மதரஸாவில் ஓதிய காலத்தில் 'ஜல்லாலா' என்னும் பாடம் நமக்கு வந்தது. அசுத்தத்தைத் தின்று பழகி, அதன் வாடை ஏறிய பிராணியைக் கட்டிவைத்து, சுத்தமான தீனி கொடுத்து, வாடை நீங்கிய பின் அறுக்கவேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்கின்றன. கோழியின் வாய்க்குள் போவது என்ன என்று முன்னோர்கள் அவ்வளவு தூரம் கவனித்தார்கள். ஆனால் சோயா அசுத்தமன்று, அவரை வகையைச் சேர்ந்த ஒரு பயறு. பச்சையாகப் போட்டால் செரிமானத்தைக் கெடுக்கும்; வேகவைத்தால் அந்தக் கெடுதி போய்விடும். ஒருவர் அதை விரும்பாமலிருக்கலாம், அது அவர் இஷ்டம். இஷ்டத்தை ஹராமாக்கி விற்பது பொய் எடைக்கல்லைவிடப் பெரிய பாவம் என்று நினைக்கிறோம். சோயா இல்லாத கோழி நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்பதும் அதே கணக்கில்தான் சேரும்.

இவ்வளவு நியாயம் பேசும் நாமே ஒருநாள் தவறினோம். மழைக்காலம், சாலையில் வெள்ளம். தவிடும் வரவில்லை, மீன்தூளும் வரவில்லை. கோழியைப் பட்டினி போடக்கூடாது என்று ஆலைத் தீனி இரண்டு மூட்டை வாங்கி இரண்டு வாரம் போட்டோம். அதுவரை தவறில்லை. மாதாமாதம் வாங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். சோயா இல்லை என்பதற்காகவே கிலோவுக்கு நான்கு வெள்ளி கூடுதலாகக் கொடுப்பவர். அன்று அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாமும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று கோழிகளை அறுத்துக் கொடுத்து, வழக்கமான விலையை வாங்கிப் பெட்டியில் போட்டோம்.

இரவு வீட்டாரிடம் சொன்னோம்.

"அவர் கேட்டாரா?"

"கேட்கவில்லை."

"கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?"

பதில் வரவில்லை. பொய் சொல்லவில்லை என்ற ஒரே சமாதானம்தான் கையில் இருந்தது. தானியக் குவியலின் மேல்புறம் காய்ந்தும் உள்புறம் நனைந்தும் இருந்ததை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்துக் கண்டித்த வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தத் தானியக்காரரும் வாய்திறந்து பொய் சொன்னதாக அந்த வரலாற்றில் இல்லை.

காலையில் ஆசிரியர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, கூடுதலாக வாங்கிய பணத்தை நீட்டினோம். 'பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள்' என்பார் என்று மனத்துக்குள் ஓர் ஆசை இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதுதான் நியாயம், அது அவருடைய பணம். திரும்பும் வழியில் வெட்கமாக இருந்தது. கடையைத் திறந்தபோது மனம் லேசாகவும் இருந்தது.

அன்றிலிருந்து கோழிக் கூண்டருகே ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் தொங்குகிறது. எந்தத் தேதியில் எந்தத் தீனி போட்டோம் என்பது அதில் இருக்கும். வாங்குபவர் புரட்டிப் பார்க்கலாம். ஆலைத் தீனி போட்ட வாரம் வந்தால், கேட்கும் முன் நாமே சொல்லி விலையைக் குறைக்கிறோம். சிலர் அதைக் கேட்டு வாங்காமல் போகிறார்கள். போகட்டும்.

சகோதரர்களே, 'இது இல்லை, அது இல்லை' என்று சொல்லி விற்கும் காலம் இது. எண்ணெயிலும் மசாலாவிலும் தேனிலும் அந்தச் சொல்லுக்கு விலை இருக்கிறது. ஒரு பொருளில் ஒன்று இல்லை என்று சொல்லும்முன், அந்த இடத்தில் என்ன வைத்தோம் என்று முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம். அது இல்லாமல் போனது உண்மைதானா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்வோம். வாங்குபவர் கேட்காமல் இருப்பது நம்மீது வைத்த நம்பிக்கை. அதை நமக்குக் கிடைத்த தள்ளுபடியாக எழுதிக்கொள்ளக் கூடாது.