முடிவு தெரியாத முடிவு

உண்மைச் சம்பவங்களை அடிப்படையாகக் கொண்டது என்னும் அறிவிப்போடு தொடங்கும் திரைப்படங்களுள், போர்களையும் வழக்குகளையும் விளையாட்டு வீரர்களையும் பற்றியவை பெரும்பாலும் ஆவணங்களைக் கொண்டு சரிபார்க்கத்தக்கவை; எந்த நாளில் எது நடந்தது, யார் என்ன சொன்னார் என்பவற்றைப் படத்தோடு ஒப்பிட்டு, இயக்குநர் எங்கே உண்மையைவிட்டு விலகினார் என்று காட்டிவிடலாம். ஆனால் மனச்சான்றின் பொருட்டு, அதாவது தான் தவறென்று உணர்ந்ததைச் செய்ய மறுக்கும் உள்ளுணர்வின் பொருட்டு, உயிரையே விட்ட ஒருவரைப் பற்றிய படத்தில் இவ்வழி பாதியிலேயே நின்றுவிடுகிறது. அவர் மறுத்தார் என்பதற்கு நீதிமன்றப் பதிவு உண்டு. எந்தக் கணத்தில், எத்தகைய ஐயங்களைக் கடந்து மறுத்தார் என்பதற்கு அவருடைய கடிதங்கள்கூட முழுச் சான்று ஆவதில்லை. அவ்வாறாயின் இத்தகைய படங்கள் எந்தப் பொருளில் உண்மையானவை என்பதும், அந்த உண்மை பார்ப்பவருக்கு எதைத் தருகிறது என்பதும் சமயமும் மெய்யியலும் ஒருசேர எதிர்கொள்ள வேண்டிய கேள்விகளாகின்றன.

இக்கேள்வியின் ஒரு பகுதியை அரிஸ்டாட்டில் தமது கவிதையியலில் முன்பே தொட்டிருக்கிறார். நடந்ததைச் சொல்லும் வரலாற்றைவிட, நடக்கக்கூடியதைச் சொல்லும் கவிதையே மெய்யியலுக்கு நெருக்கமானது என்று வாதிட்டவர் அவர். எனினும் துன்பியல் நாடக ஆசிரியர்கள் வழிவழியாக வந்த மாந்தரின் பெயர்களையே பற்றிக்கொள்வதற்கு அவர் ஒரு காரணம் கூறுகிறார். நடக்காத ஒன்று நடக்கக்கூடியதா என்பதில் மக்களுக்கு உறுதி பிறப்பதில்லை. நடந்துவிட்ட ஒன்றோ நடக்கக்கூடியது என்பதில் ஐயத்திற்கே இடமில்லை. இப்படியும் ஒரு மனிதர் இருக்க முடியுமா என்று கேட்பவருக்கு இருந்தார் என்னும் ஒற்றைச் சொல்லே விடையாகிவிடுகிறது என்பதுதான் இதன் சாரம்.

இதற்கு எதிர்ச்சான்றாக நிற்பது அரிச்சந்திரன் கதை. 1913-இல் தாதாசாகேப் பால்கே எடுத்த முதல் முழுநீள இந்தியத் திரைப்படத்திற்கும் அதுவே பொருளாயிற்று. சிறுவயதில் அக்கதையை நாடகமாகப் பார்த்த காந்தி அதை அப்படியே நடந்த கதையென்று நம்பியதையும், பிற்காலத்தில் அரிச்சந்திரன் வரலாற்று மனிதனாக இருந்திருக்க முடியாது என்று அறிவு சொன்ன பின்னும் அவன் தமக்கு வாழும் உண்மையாகவே இருந்ததையும் தன்வரலாற்றில் எழுதுகிறார். ஆகவே, ஒழுக்கத்தைத் தூண்டுவதற்குக் கதை நடந்திருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் கவனித்தாக வேண்டும்: சுடுகாட்டில் நிற்கும் அரிச்சந்திரனுக்கு இறுதியில் தெய்வம் தோன்றி, இழந்ததையெல்லாம் மீட்டுத் தருகிறது. உண்மை மனிதருக்கு அந்தக் கடைசிக் காட்சி வாய்ப்பதில்லை. நடந்த கதையைப் படமாக்குவதன் தனிப்பயனும் தனி இடரும் இவ்விடத்தில்தான் தொடங்குகின்றன.

இடர் என்பது, பார்வையாளருக்கு முடிவு முன்கூட்டியே தெரியும் என்பது. அரங்கில் அமரும்போதே நாயகரைத் திருச்சபை பின்னாளில் போற்றியது, அரசு பிழையை ஒப்புக்கொண்டது, நூல்கள் எழுதப்பட்டன என்பவற்றையெல்லாம் அறிந்திருக்கும் ஒருவர், அந்த நாயகரின் துணிவை எளிதில் புரிந்துகொண்டதாக எண்ணிக்கொள்வார். ஆனால் தாம் செய்வது சரியா, வீம்பா, மனமயக்கமா என்பதை உறுதிசெய்ய எவருமில்லாத நிலையில்தான் உண்மையான நாயகர் முடிவெடுத்தார். அந்த இருட்டைப் பார்வையாளருக்கும் ஓரளவேனும் பகிர்ந்தளிக்கும் படமே பார்க்கத் தகுந்தது. முடிவின் வெளிச்சத்தை முதற்காட்சியிலேயே ஏற்றிவைக்கும் படம், விவரங்களில் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், உண்மையைத் தவறவிட்டதாகவே கொள்ளவேண்டும்.

2019-இல் வெளிவந்த டெரன்ஸ் மாலிக்கின் 'எ ஹிடன் லைப்' (மறைந்த வாழ்வு) இவ்வளவுகோலுக்கு நல்ல சோதனைக்களம். மேல் ஆஸ்திரியாவில் சங்க்ட் ராடெகுண்ட் என்னும் சிற்றூரில் 1907-இல் பிறந்த பிரான்ஸ் யேகர்ஸ்டெட்டர் ஒரு விவசாயி. மூன்று பெண்குழந்தைகளின் தந்தை. ஊர்க் கத்தோலிக்க ஆலயத்தின் கோவில்பிள்ளையாக, அதாவது வழிபாட்டுப் பொருள்களைப் பேணி மணியடிக்கும் ஊழியராக, இருந்தவர். 1938 ஏப்ரலில் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைப்பது பற்றிய வாக்கெடுப்பில் அவ்வூரிலேயே எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவர்தான் எனப்படுகிறது. ஊரார் அந்த ஒற்றை வாக்கையும் மறைத்து, ஊர் முழுவதும் ஒருமனதாக ஆதரித்ததாக அறிவித்தனர். படைக்கு அழைக்கப்பட்டபோது, 1943 மார்ச்சில் என்ஸ் நகரப் படைமுகாமுக்குச் சென்று, ஹிட்லருக்காகப் போரிட முடியாது என்று தெரிவித்தார். காயம்பட்டோருக்கு உதவும் மருத்துவப் பணிக்கு அவர் முன்வந்தது ஏற்கப்படவில்லை. ஜூலை 6 அன்று பெர்லினில் படைத்துறை உச்ச நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் கில்லட்டின் என்னும் தலைவெட்டும் பொறியில் அவர் உயிர் போயிற்று.

இந்த வெளிச் செய்திகளைவிட, அவரிடம் எழுப்பப்பட்ட மறுப்புகளே மெய்யியல் நோக்கில் கனமானவை. ஊர்ப் பங்குத்தந்தையும் லின்ஸ் மறைமாவட்ட ஆயரும் அவரிடம் பேசினர். குடும்பத்தைக் காப்பதே முதற்கடமை; போர் நியாயமானதா என்று தீர்ப்பளிப்பது ஒரு விவசாயியின் வேலையன்று, அதன் பொறுப்பு ஆள்வோரைச் சேர்ந்தது என்பதே ஆயர் ஃபிளீசர் கொண்டிருந்த நிலை. இதை வெறும் கோழைத்தனம் என்று தள்ளிவிடுவது எளிது, ஆனால் நேர்மையன்று. கீழ்ப்படிதலை ஓர் அறமாகப் போற்றும் சமய மரபில் அது நெடுங்காலம் வேரூன்றிய வாதம். போர் முடிந்த பின்பும் அந்த ஆயர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, கடமையென்று எண்ணிப் போரில் மடிந்த கத்தோலிக்க இளைஞர்களே பெரிய வீரர்கள் என்றே கருதினார். இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூரியது: அவர் போரிட மறுப்பதால் போர் ஒரு நாள்கூடக் குறையப்போவதில்லை, அவருக்குப் பதில் இன்னொருவர் அனுப்பப்படுவார், இதை யாரும் அறியப்போவதுமில்லை.

மாலிக்கின் படம் இந்த இரண்டாவது மறுப்பைத் திரும்பத் திரும்ப வெவ்வேறு வாய்களில் வைக்கிறது. சிறை அதிகாரியும், வழக்கறிஞரும், நீதிபதியும் ஒரே செய்தியைத்தான் சொல்கிறார்கள். புருனோ கான்ஸ் தம் இறுதிக் காலத்தில் ஏற்ற அந்த நீதிபதி வேடம் படத்தின் உச்சம். தண்டனைக்கு முன் கைதியைத் தனியே அழைத்துப் பேசும் நீதிபதி, தன்னைக் குற்றவாளியாகக் கருதுகிறாயா என்னும் பொருளில் கேட்கிறார். கைதி பிறரைத் தீர்ப்பிட மறுத்து, தமக்குத் தவறென்று தெரிவதைத் தம்மால் செய்ய இயலாது என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார். கைதி வெளியேறிய பின், அவர் அமர்ந்திருந்த நாற்காலியில் நீதிபதி போய் அமர்ந்து, தம் கைகளைத் தொடைமேல் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். நீதிபதிகள் அக்கைதியோடு தனியே பேசி மனமாற்ற முயன்றனர் என்பது, 1964-இல் வெளியான நூலுக்காக அமெரிக்கச் சமூகவியலாளர் கார்டன் ஸான் திரட்டிய சாட்சியங்களிலிருந்து தெரியவரும் செய்தி. நாற்காலியோ இயக்குநரின் கற்பனை. ஆவணத்தில் இல்லாத அந்த நாற்காலியே அங்கு அந்தக் கணத்தின் உண்மைக்கு மிக அருகில் செல்கிறது. ஏனெனில் தீர்ப்பளிப்பவரும் தம் முடிவின் விளைவை அறியாதவராக அங்கு ஆகிவிடுகிறார்.

படத்தில் குறைகள் இல்லாமலில்லை. ஏறத்தாழ மூன்று மணிநேரம் ஓடும் அதில், மலையும் புல்வெளியும் இத்தனை அழகாக மிதந்துகொண்டிருக்க வேண்டுமா என்று சலிப்பு தோன்றும் இடங்கள் உண்டு. நல்லவர்கள் ஆங்கிலத்தில் பேச, ஏசுவோரின் கூச்சல் மட்டும் மொழிபெயர்க்கப்படாத ஜெர்மனாக விடப்பட்டிருப்பது மலிவான உத்தி. இவற்றினும் பெரிய குறை வேறொன்று: உண்மையான யேகர்ஸ்டெட்டர் எட்டாண்டுப் பள்ளிக்கல்வி மட்டுமே பெற்றவராயினும், விவிலியத்தையும் புனிதர் வரலாறுகளையும் ஆழ்ந்து படித்து, ஒருவர் ஒரே வேளையில் கத்தோலிக்கராகவும் நாஜியாகவும் இருக்க முடியுமா என்பதைக் குறிப்பேடுகளில் வரிசையாக வாதிட்டு எழுதியவர். படத்தில் அவர் பெரும்பாலும் மௌனமாக வானத்தைப் பார்க்கிறார். சிந்தித்து முடிவெடுத்த ஒரு மனிதரை உணர்வால் மட்டும் உந்தப்பட்டவராகக் காட்டும்போது, அவரது பெருமை கூடுவதில்லை, குறைகிறது.

யாரும் அறியப்போவதில்லை என்னும் வாதத்திற்கு வருவோம். அவ்வாதம் பொய்த்துவிட்டது என்பதற்கு அப்படமே சான்று என்று பலர் மகிழ்வது இயல்பு: 1997-இல் பெர்லின் நீதிமன்றம் ஒன்று தண்டனையை நீக்கியது, 2007-இல் லின்ஸ் பேராலயத்தில், புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. ஆனால் இந்த மகிழ்ச்சியில் ஒரு தடுமாற்றம் ஒளிந்திருக்கிறது. பின்னாளில் அறியப்பட்டதால் அச்செயல் பொருளுடையதாயிற்று என்று கொண்டால், அறியப்படாமலே மறைந்த மற்றவரின் மறுப்புகள் பொருளற்றவை என்றாகிவிடும். இம்மையில் செய்தது மறுமையில் கூலியாகத் திரும்பும் என்று கணக்கிட்டு அறம் செய்வோரைப் புறநானூற்றில் முடமோசியார் வணிகரின் வரிசையில் வைத்து, ஆய் அண்டிரனை அவர்களிலிருந்து பிரித்துக் காட்டுகிறார். புகழை எதிர்பார்த்துச் செய்யும் அறமும் அதே வாணிகத்தில்தான் சேரும். கீதை மரபு நிஷ்காம கர்மம் என்று கூறும் பலன் கருதாச் செயல், பலன் வராது என்பது ஏறக்குறைய உறுதியான இடத்தில்தான் தன்னைத் தூய்மையாக வெளிப்படுத்திக்கொள்ள முடியும். ஆகவே அப்படம் தன் பொருளைத் தானே ஓரளவு காட்டிக்கொடுத்துவிடுகிறது: மறைந்திருந்த வாழ்வைத் திரையில் காட்டிய அந்நொடியே அது மறைந்த வாழ்வாக இல்லாமற் போகிறது. இம்முரணுக்குத் தீர்வு இல்லை. அதை உணர்ந்து பார்ப்பது ஒன்றே பார்வையாளருக்கு இயலும்.

1928-இல் கார்ல் தியோடர் டிரையர் எடுத்த 'ஜோன் ஆப் ஆர்க்கின் பாடுகள்' இம்முரணை வேறு வழியில் கையாள்கிறது. 1431-இல் ரூவான் நகரில் மாதக்கணக்கில் நடந்த விசாரணையின் பதிவேட்டையே ஆதாரமாகக் கொண்டு, அவ்வளவையும் ஒரே நாளுக்குள் அடக்கிய மௌனப் படம் அது. ஜோன் புனிதராக அறிவிக்கப்பட்டு எட்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலத்தில், கோட்டைகளையும் போர்க்களங்களையும் விட்டுவிட்டு, ஒப்பனையற்ற ஒரு முகத்தை மட்டும் டிரையர் காட்டினார். ஜோன் ஒருமுறை அஞ்சித் தம் கூற்றைத் துறந்து ஒப்பமிட்டார் என்பதைப் படம் மறைக்கவில்லை. மழிக்கப்பட்ட அவர் தலைமுடியோடு, காவலர்கள் கேலியாகச் சூட்டிய வைக்கோல் முடியும் தரையிலிருந்து பெருக்கித் தள்ளப்படுவதைப் பார்த்த பிறகுதான் அவர் நீதிபதிகளைத் திரும்ப அழைக்கச் சொல்கிறார். தடுமாறி, பின்வாங்கி, மீண்டும் வந்த அந்த முடிவு, தொடக்கம் முதல் அசையாதிருந்த எந்தப் புனிதரின் முடிவைவிடவும் நம்பத் தகுந்தது.

2010-இல் சேவியே போவுவா இயக்கிய 'மனிதர்களும் தெய்வங்களும்' என்னும் படம், அல்ஜீரியாவின் திப்ஹிரின் மடத்தில் வாழ்ந்த டிராப்பிஸ்ட் துறவிகளைப் பற்றியது. மௌனத்தையும் உடலுழைப்பையும் நெறியாகக் கொண்ட கத்தோலிக்கத் துறவிகள் இவர்கள். உள்நாட்டுப் போரின் நடுவே வெளியேறுமாறு பலரும் அறிவுறுத்தியும் தங்கிவிட்ட அவர்களில் எழுவர், 1996 மார்ச் 26-ஆம் நாள் இரவில் கடத்தப்பட்டுப் பின்னர் கொல்லப்பட்டனர். தங்குவதா போவதா என்று அவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்லும் காட்சிகளே படத்தின் முதுகெலும்பு. முதல் கூட்டத்தில் ஒருமனம் இல்லை. தம்மைக் கேளாமல் தலைவர் முடிவெடுத்துவிட்டார் என்று கோபிப்பவர் உண்டு, சாவதற்காகத் துறவியாகவில்லை என்று கலங்குபவரும் உண்டு. தங்களை எந்நேரமும் பறந்துபோகக்கூடிய பறவைகளாகச் சொல்லும் துறவியிடம், பறவைகள் நாங்கள்தான், நீங்களோ நாங்கள் அமரும் கிளை என்று ஊர்ப்பெண் ஒருத்தி திருத்துகிறாள். தங்கும் முடிவு, சாவைத் தேடும் விருப்பத்திலிருந்தன்றி, அண்டைவீட்டு முஸ்லிம்களோடு கொண்ட உறவிலிருந்து பிறக்கிறது. கொன்றவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு தீரவில்லை. ஆயுதக் குழு பொறுப்பேற்றதாக அறிக்கை வந்தது, அரசுப் படையின் பங்கு பற்றிய ஐயமும் எழுந்தது. படம் கொலையைக் காட்டாமலே முடிவதற்கு அந்த நேர்மையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இத்தகைய படங்களுக்கு எதிராகச் சொல்லத்தக்க வலிய மறுப்பு ஒன்று எஞ்சுகிறது. அசையாத உள்ளுறுதி புனிதருக்கு மட்டும் உரியதன்று; அம்மடத்தின் வாயிலில் துப்பாக்கியோடு வந்து நின்றவருக்கும் அது இருந்தது. உறுதியைப் போற்றும் படம் வெறியையும் சேர்த்துப் போற்றிவிடாதா? பிறர் உயிரைக் கேட்கும் உறுதிக்கும் தன் உயிரை மட்டும் தரும் உறுதிக்கும் வேறுபாடு உண்டு என்பது வழக்கமான விடை. அது பெரும்பாலும் சரியானதே. ஆயினும் தன் உயிரை மட்டும் என்பது யேகர்ஸ்டெட்டர் வாழ்வில் முழுமையாகப் பொருந்தவில்லை. அவர் மனைவி பிரான்சிஸ்கா, 1943 ஜூலையில் பெர்லின் சிறைக்குச் சென்று கணவரைக் கடைசியாகப் பார்த்தபோது, முடிவை மாற்றிக்கொள்ளுமாறு வற்புறுத்தவில்லை. ஆனால் அதன் விலையில் பெரும்பங்கை அவரே செலுத்தினார். கணவரின் மரணத்திற்குப் பிரான்சிஸ்காவையே காரணம் காட்டிய ஊரில் மூன்று குழந்தைகளோடு நிலத்தை உழுது வாழ்ந்தார். போர் விதவைகளுக்கான உதவித்தொகை 1950 வரை அவருக்கு மறுக்கப்பட்டது. அருளாளர் பட்டம் வழங்கப்பட்ட நாளில் 94 வயதில் பேராலயத்தில் அமர்ந்திருந்த அவர், 2013-இல் நூறு வயதில் மறைந்தார். மாலிக்கின் படம் அவருக்குத் திரைநேரத்தில் ஏறக்குறையப் பாதியைத் தந்திருப்பது அதன் மிகச் சிறந்த தேர்வு. ஆனால் அது 1943-இல் நின்றுவிடுகிறது. ஒரே நாளில் முடிந்த கணவரின் சாட்சியத்திற்குப் பின், எழுபது ஆண்டுகள் நாள்தோறும் தொடர்ந்த மனைவியின் சாட்சியத்தை எந்த வகைக் கதைசொல்லல் தாங்கும் என்பது, இக்கலைவடிவம் இன்னும் சரியாக எதிர்கொள்ளாத கேள்வி.