ஆடித் தள்ளுபடியும் ஆசையின் எல்லையும்

ஆடி மாதத்தில் கல்யாணம் வைப்பதில்லை, புதுவீடு புகுவதில்லை. புதுமணப்பெண்ணை ஆடிச்சீர் கொடுத்துத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வாடிப்பட்டியிலும் இதுவே வழக்கம். பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை பெரியாறு பிரதானக் கால்வாய் பாயும் இருபோக நிலப்பகுதி இது. வைகை அணையில் தண்ணீர் இருந்து ஜூனில் மடை திறந்தால், ஆடியில் நடவு வேலை நெருக்கும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதும் முளைப்பாரி எடுப்பதும் இதே காலத்தில்தான்.

முகூர்த்தம் இல்லாத மாதத்தில் ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் வியாபாரம் படுத்துவிடும். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் பழைய சரக்கும் போயாக வேண்டும். இந்த இரண்டு நெருக்கடிக்கும் கடைக்காரர்கள் கண்ட வழிதான் ஆடித் தள்ளுபடி. அது வந்த பிறகு மந்த மாதம் என்ற பேச்சே போய்விட்டது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்கி, விளக்குத்தூண், தெற்கு மாசி வீதி, தெற்கு ஆவணி மூல வீதி என்று சுற்றிவிட்டுக் கட்டைப்பைகளோடு ஊர் திரும்பும் கூட்டம் தை, வைகாசிக் கூட்டத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை. வீட்டு விசேஷங்களை நிறுத்திவைத்து அம்மனுக்கென்று விட்டுக்கொடுத்த மாதம், பண்டிகையே இல்லாமல் புதுத்துணி எடுக்கும் மாதமாகவும் ஆகியிருக்கிறது. அழகாக உடுத்தவும் நகை பூணவும் ஆசைப்படுவது ஆன்ம வாழ்வுக்குத் தடையா, தடை என்றால் எந்த இடத்தில் தடையாகிறது என்ற பழைய கேள்வி இந்த மாதத்தில் மறுபடி உயிர் பெறுகிறது.

இக்கேள்விக்கு மதுரை மண்ணில் கிடைக்கும் மிகப் பழைய சான்று கல்லில் இருக்கிறது. அழகர்மலைக் குகைத்தளத்தில் துறவியர் தங்குவதற்காக வெட்டிய கற்படுக்கைகளும், கொடையாளர் பெயர்களைச் சொல்லும் தமிழிக் கல்வெட்டுகளும் உள்ளன. ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமை கொண்டவை அவை. அங்கே தங்கியவர்கள் சமணத் துறவியர் என்பது ஆய்வாளர்களிடையே பெரும்பான்மைக் கருத்து. கொடையாளர்களில் உப்பு வணிகரும், கலப்பைக் கொழு விற்றவரும், வெல்லப்பாகு விற்றவரும் உண்டு. அவர்களோடு ஓர் அறுவை வணிகரும், மதுரையைச் சேர்ந்த ஒரு பொன் வினைஞரும் இருக்கிறார்கள். அறுவை வணிகர் என்றால் துணி வியாபாரி. உடைமை எதுவும் கூடாது என்ற நெறியில் நின்றவர்களுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள் துணியும் பொன்னும் விற்றுப் பிழைத்தவர்கள். வாடிப்பட்டியிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத மேட்டுப்பட்டி சித்தர்மலையிலும் இத்தகைய படுக்கைகளும் எழுத்துகளும் உள்ளன.

சமண அறம் இதை முரணாகக் கருதவில்லை. துறவிக்கு ஒரு நோன்பு, இல்லறத்தாருக்கு வேறொரு நோன்பு என்று அது பிரித்து வைத்தது. துறவி எல்லாவற்றையும் விட வேண்டும். இல்லறத்தார் தம் உடைமைக்குத் தாமே ஓர் அளவு வகுத்து, அதற்கு மேல் சேர்ப்பதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். எவ்வளவு என்பதை நூல் சொல்வதில்லை. அளவு ஒன்று இருந்தாக வேண்டும், அதுவும் ஆசை எழுவதற்கு முன்பே வகுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே அந்த நெறியின் உயிர். கடைக்குள் நுழைந்த பிறகு அளவு வகுக்க முடியாது என்பது அன்றைய வணிகர்களுக்கும் தெரிந்துதான் இருந்திருக்கும். திருக்குறளும் இந்த இரு நிலைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பவில்லை. துறவு, அவா அறுத்தல் என்று அதிகாரங்கள் வகுத்த அதே நூல், பொருள் செய்யவும் ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறது. பணிவும் இன்சொல்லுமே ஒருவருக்கு அணிகலன் என்று இனியவை கூறலில் அது சொல்கிறது.

சைவமும் வைணவமும் இன்னொரு வழியில் போயின. அழகை விலக்காமல் தெய்வத்தின் மேல் சாத்தின. மதுரைக் கோயிலில் சுவாமியின் பெயரே சொக்கர், சுந்தரேசுவரர். சாம்பலும் பாம்பும் தோலும் அணிந்தவன், மீனாட்சியை மணக்க வரும்போது மாப்பிள்ளைக் கோலம் கொள்கிறான். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வளையல் விற்ற படலம் என்று ஒன்று உண்டு. தாருகாவனத்தில் ஆடையின்றிப் பிச்சை கேட்டு வந்த சிவனிடம் முனிபத்தினியர் மனம் பறிகொடுக்கிறார்கள், வளைகள் கழல்கின்றன. கணவர்களின் சாபத்தால் அவர்கள் மதுரையில் வணிகர் குலப் பெண்களாகப் பிறக்கிறார்கள். அவர்களுடைய தெருவுக்கே இறைவன் வளையல் வியாபாரியாக வந்து, தன் கையாலேயே வளை பூட்டிச் சாபம் தீர்க்கிறான். ஆவணி மூலத் திருவிழாவில் ஆண்டுதோறும் இந்த லீலை நடக்கிறது. அம்மணமாக வந்து வளையைக் கழற்றியவனும், விற்பனைக்கு வந்து வளையைப் பூட்டியவனும் ஒருவனே என்று சொல்கிற கதை, அணிகலனைப் பாவம் என்று ஒதுக்கும் மனத்திலிருந்து பிறந்திருக்க முடியாது.

சித்திரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும்போது எந்த நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதை ஆற்றங்கரையே காத்திருந்து பார்க்கும். பச்சை என்றால் வெள்ளாமை செழிக்கும் என்று சம்சாரிகள் மகிழ்வார்கள். அந்த அழகருக்குச் சாத்த ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிய மாலை வரும். இறைவனுக்கென்று கட்டிய மாலையைத் தான் சூடிப் பார்த்தவள் ஆண்டாள். அவள் பிறந்த நட்சத்திரம் ஆடிப்பூரம். அன்று அம்மன் கோயில்களில் அம்பாளுக்கு வளைகாப்பு நடக்கும். கண்ணாடி வளையல்களைச் சரஞ்சரமாகக் கோத்துச் சாத்தி, பிறகு வந்திருக்கும் பெண்களுக்கெல்லாம் அவற்றைப் பிரித்துக் கொடுப்பார்கள். தள்ளுபடி மாதத்தின் நடுவில் விலையே இல்லாமல் வளையல் கிடைக்கும் நாள் அது.

அணியும் ஆசை தடையா என்ற கேள்விக்கு ஆண்டாளின் திருப்பாவை தரும் விடை, வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கிடைப்பதில்லை. இரண்டாம் பாசுரத்தில் நோன்பின் விதிகள் வருகின்றன: நெய் இல்லை, பால் இல்லை, கண்ணுக்கு மை இல்லை, தலைக்குப் பூ இல்லை. இருபத்தேழாம் பாசுரத்தில் நோன்பு நிறைவுக்கு வருகிறது. அப்போது கைவளை, தோள்வளை, தோடு, செவிப்பூ, காலுக்குப் பாடகம் என்று அத்தனை நகைகளும் பெயர் சொல்லிக் கேட்கப்படுகின்றன. புத்தாடையும் நெய் வழியும் பால்சோறும் உடன் வருகின்றன. எல்லோரும் கூடியிருந்து உண்பதாக அது முடிகிறது. துறப்பதும் அணிவதும் ஒரே நோன்பின் இரு முனைகள். நகைக்கு ஒரு நாள் உண்டு, கொடுக்கிற ஒரு கை உண்டு, கூடியிருக்கத் தோழியர் உண்டு. இந்த மூன்றும் இருப்பதால் ஆசைக்குத் தொடக்கம் இருப்பது போல முடிவும் இருக்கிறது.

இதே அமைப்பு வாடிப்பட்டிப் பக்கத்துக் குடும்ப வழக்கத்திலும் நெடுநாள் இருந்துவந்தது. பிறந்த குழந்தைக்கு, வயதுக்கு வந்த பெண்ணுக்கு, மணமக்களுக்கு, கடைசியில் இறந்தவருக்கு என்று புதுத்துணி ஒரு காரணத்தோடு வந்தது. பெரும்பாலும் அது உறவின் கையிலிருந்தும் வந்தது. தாய்மாமன் சீர் என்றால் தட்டுத் தட்டாகத் துணியும் நகையும் பழமும் மேளத்தோடு தெருவில் வரும். அதைச் செய்முறை என்பார்கள். இன்று செய்தவருக்கு நாளை திருப்பிச் செய்தாக வேண்டும். தீபாவளிக்கு எடுத்த துணியை நேராக உடுத்திவிட மாட்டார்கள். ஓரத்தில் மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைத்து, பெரியவர் கையால் எடுத்துக் கொடுத்த பிறகே உடுத்துவார்கள். சேலை முந்தியில் இருக்கும் அந்த மஞ்சள் பொட்டு, இது உன்னுடைய பொருள் மட்டும் இல்லை என்று ஒவ்வொரு உடுத்தலிலும் சொல்லிக்கொண்டிருக்கும். இவ்வழக்கத்தில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. செய்முறைக்காகக் கடன் வாங்கி நொடித்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் உண்டு. வரதட்சணைக் கொடுமை இதே சீர்த்தட்டின் மறைவில் வளர்ந்ததையும் மறுக்க முடியாது.

தள்ளுபடி இந்த அமைப்பில் மாற்றுவது ஒன்றைத்தான், ஆனால் அது அச்சாணி போன்றது. துணி எடுக்கக் காரணமாக இருந்த நாளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் விலையை வைக்கிறது. யாருக்கு, எதற்கு என்ற கேள்வி பின்னால் போகிறது. எவ்வளவு குறைத்திருக்கிறார்கள் என்பது முன்னால் வருகிறது. கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தவருக்கு முகூர்த்தச் சேலை கிடைத்ததும் தேடல் முடிந்துவிடும். விலை குறைந்ததற்காக எடுத்தவருக்கு முடிவு எதுவும் இல்லை, ஏனென்றால் குறைந்த விலை அடுத்த அடுக்கிலும் இருக்கிறது. சைவ சித்தாந்தம் ஆசையைப் பொருளின் குற்றமாகச் சொல்லவில்லை. உயிரைப் பற்றிய மலம் என்னும் அழுக்கின் செயலாகச் சொல்கிறது. பட்டில் தவறில்லை, பட்டைப் பற்றியிருக்கும் பிடியில்தான் தவறு. நாளும் கொடுக்கும் கையும் இல்லாத இடத்தில் அந்தப் பிடி தளர வாய்ப்பே அமைவதில்லை. ஆடித் தள்ளுபடியைக் குறித்து ஆன்மிகம் கவலைப்பட வேண்டியது இங்கேதான். சிறுசேமிப்பில் வருடம் ஒருமுறை பிள்ளைகளுக்கு நல்ல துணி எடுக்கும் கூலிக் குடும்பத்துக்கு இதே மாதம் பெரிய உதவி. தீபாவளித் துணியை ஆடியிலேயே எடுத்து மடித்து வைக்கிறவரிடம் காரணமும் இருக்கிறது, நாளும் இருக்கிறது.

துறவுக்கும் ஒரு நாள் வேண்டும் என்பதற்கு மதுரையிலேயே உதாரணம் உண்டு. 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் தங்கியிருந்த இடத்தில் காந்தியடிகள் நீண்ட உடையைக் களைந்து இடுப்பில் ஒற்றைத் துண்டோடு வெளியே வந்தார். அந்நியத் துணியை விடுங்கள் என்று சொன்னபோது, கதர் வாங்கப் பணமில்லையே என்று ஏழைகள் சொன்ன பதில் அவரை உறுத்தியிருந்தது. குறைவாக உடுத்துங்கள் என்று சொல்லும் முன் தாமே குறைத்துக்கொண்டார். தொடக்கத்தில் அதற்கு அவர் வைத்த கெடு அக்டோபர் 31 வரைதான். கெடு கடந்தும் அந்த உடை நிலைத்தது, வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது.

துணியைவிடப் பொன்னில் சிக்கல் அதிகம், ஏனென்றால் பொன் உடுத்துவதும் ஆகும், சேமிப்பும் ஆகும். நகைக்கடையின் ஆடித் தள்ளுபடி பெரும்பாலும் தங்கத்தின் விலையில் வருவதில்லை. செய்கூலியிலும் சேதாரத்திலும்தான் வரும். கல் வைத்த அட்டிகைக்குச் சேதாரம் அதிகம், சாதாரண வளையலுக்குக் குறைவு. திருப்பி விற்கப் போனால் இந்த இரண்டும் கணக்கில் வராது. ஆகவே அழகுக்குக் கொடுத்த பணம் அழகோடு போய்விடுகிறது, எடை மட்டுமே நிற்கிறது. நடவுக் கூலிக்கும் உரத்துக்கும் பணம் வேண்டி, வாடிப்பட்டிப் பக்கத்துச் சம்சாரி கூட்டுறவுச் சங்கத்திலோ அடகுக்கடையிலோ வைப்பது அந்த எடையைத்தான். ஒரே ஆடியில் ஒரு வீட்டுச் சங்கிலி அடகுக்குப் போகிறது, இன்னொரு வீட்டுக்குப் புதுச் சங்கிலி வருகிறது. சிலப்பதிகாரத்துக் கண்ணகியின் சிலம்பும் மதுரைக்கு வந்தது வியாபாரத்துக்கான முதலாகத்தான். காலில் கிடந்தவரை அணிகலன், கோவலன் கைக்கு மாறியதும் முதல்.

இந்த இரட்டைத் தன்மையை இஸ்லாமியச் சட்டம் கணக்காகவே எழுதி வைத்திருக்கிறது. ஏறத்தாழ 85 கிராம் பொன் ஒரு சந்திர ஆண்டு கையிருப்பில் இருந்தால் அதில் 2.5 சதவீதத்தை ஏழைகளின் பங்காக, ஜகாத்தாகக் கொடுக்க வேண்டும். பெண்கள் வழக்கமாக அணியும் நகைக்கு இது பொருந்துமா என்பதில் ஷாஃபி மரபும் ஹனஃபி மரபும் வேறுபடுகின்றன. அளவோடு அணிவது உடை போன்றது, ஜகாத் இல்லை என்பது ஷாஃபி மரபின் பெருவழக்கு. அணிந்தாலும் பொன் பொன்னே, ஜகாத் உண்டு என்பது ஹனஃபி நிலை. தமிழகத்தில் இரு மரபினரும் வாழ்கிறார்கள். ஆண்களுக்குப் பட்டும் பொன்னும் விலக்கு என்பதில் இரண்டும் ஒன்றே.

விலை குறையும்போது அந்தக் குறைவை யார் தாங்குகிறார்கள் என்பதும் அறத்தின் கேள்வி. 2005இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியில், துணியை நகத்தால் கிள்ளி நூல் சுற்றி இடும் ஒவ்வொரு முடிச்சும் ஒரு புள்ளியாகிறது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு இட வேண்டும். பெரும்பாலும் பெண்களின் வேலை அது. அச்சில் புள்ளி பதித்த சேலை சுங்குடி என்ற பெயரிலேயே மலிவாகக் கிடைக்கும்போது, முடிச்சிட்ட கைக்கு நியாயமான கூலி நிற்காது. கடைக்குள்ளே, நூறு சேலையை விரித்துக் காட்டி நூறையும் மடித்து வைக்கும் விற்பனைப் பெண் காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருந்தாள். அவளுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியதே 2021இல்தான். சேலை எடுக்க வந்தவர் ஒரு முறை பின்னால் திரும்பி, அந்த இருக்கை கடையில் இருக்கிறதா, கூட்ட நாளில் அதில் உட்கார விடுகிறார்களா என்று பார்ப்பதும் அவர் வணங்கும் தெய்வத்துக்குச் செய்யும் கடமையில் சேரும்.