நூறு ரூபாயில் இரண்டாம் வரி

மொரீஷியஸ் விடுதலை பெற்றது 1968 மார்ச் 12. அதற்கு முந்தைய ஆண்டு அதன் மத்திய வங்கி வெளியிட்ட முதல் நோட்டுகளில் எலிசபெத் ராணியின் முகம். கொடி மாறிய பிறகும் மக்கள் அந்த முகத்தைத்தான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

*

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் சாப்பாட்டுக்குத் தறி நிற்கும் மதியவேளைதான் நான் சேர்த்திருக்கும் மொரீஷியஸ் நோட்டுகளைப் பார்க்கத் தோது. கையில் ஈரம் ஆகாது, மின்விசிறியும் ஆகாது. ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தாளுக்குள்ளிருந்து டோடோப் பறவையின் தலை மெல்லத் தெரிகிறது. 17-ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போன பறவை. நெசவு வீட்டுக் கண் என்பதாலோ என்னவோ, எனக்கு அதற்கும் முன்னால் பாதுகாப்பு இழைதான் படுகிறது: தாளில் ஓடும் ஒற்றை ஜரிகை.

*

நூறு ரூபாயில் ரங்கநாதன் சீனிவாசன். தமிழ் வழிவந்த வழக்கறிஞர், அரசியல்வாதி. 1958-லேயே போய்விட்டார், விடுதலையைப் பார்க்கவில்லை.

*

1998 வரிசையில் ஆங்கிலத்துக்கு அடுத்து இந்தி, அதன் கீழே தமிழ். அதுவரை தமிழ்தான் இரண்டாவது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். கரும்புத் தோட்டக் கூலிகளாக இந்தியர்கள் திரளாக வரத் தொடங்கியது 1834-இல். பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே, அதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பே, புதுச்சேரிப் பக்கத்துத் தமிழ்க் கைவினைஞர்கள் அங்கே போய்விட்டார்கள். முன்னால் வந்தவனுக்கு முன்வரி என்பது கொதித்தெழுந்தவர்களின் வழக்கு. வங்கி நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. 1999-இல் வந்தவற்றில் தமிழ் மறுபடி மேலே.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். ஒரு வரி ஏறியிருக்கிறது, ஒரு வரி இறங்கியிருக்கிறது. அதற்கு ஒரு நாட்டின் பணமே மாற வேண்டியிருந்தது.

*

அங்குள்ள தமிழர் வீடுகளில் பெரும்பாலும் புழங்குவது கிரியோல். அந்த வரியை எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதவர்களும் அதற்காகத் தெருவில் நின்றிருப்பார்கள். இதை வீம்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் நோட்டில் பதினைந்து மொழிப் பட்டியலில் தமிழ் பதின்மூன்றாவது. ஆங்கில அகரவரிசை, யாருக்கும் வருத்தமில்லை. காஞ்சிபுரம் கடைத்தெருவில் பணம் எண்ணுகிற யாரும் அதைப் படித்து நான் பார்த்ததில்லை.

*

1998-இன் 2000 ரூபாய் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அதில் நாட்டின் முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம். முகமதிப்பே பெரிது. செலவழிக்காத பணத்துக்கு இவ்வளவு பணமா என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், தீபாவளிப் புடவைக்கு முன்பணம் வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.