சம்மதம்

பள்ளி ஆண்டுவிழாக்களில் வருஷந்தோறும் ஒரு கட்டபொம்மன் வந்துவிடுகிறான். எட்டு அல்லது ஒன்பது வயது. அட்டைக் கத்தி, பசையால் ஒட்டிய மீசை. வெள்ளைக்காரனுக்கு வரி கட்ட மறுத்துக் கர்ஜிக்கிறான். கீழே பெற்றோர் கைதட்டுகிறார்கள். இவ்வளவு பெரிய மறுப்பைப் பேசுகிற பையனுக்கு, இந்த வேஷம் எனக்கு வேண்டாம், மீசை அரிக்கிறது என்று சொல்ல இடம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் விதண்டாவாதம் என்பார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. மறுப்பையே கீழ்ப்படிதலாக மாற்றி ஒப்பிக்கவைக்கிற காரியம் அங்கே நடக்கிறது. இது நாடகக் கலை பற்றிய பிரச்னை என்பதைவிட தார்மிகப் பிரச்னை.

மாணவர்களுக்கு நாடகம், ஆசிரியர்களுக்குக் கதை சொல்லும் பயிற்சி என்று இப்போது நிறையப் பேசுகிறோம். 2022 முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழாவே நடக்கிறது. நல்லதுதான். மேடையைப் பார்த்தே இராத பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள். கூச்சம் போகும், மொழி வளரும், ஞாபகசக்தி கூடும் என்று பயன்களை அடுக்குகிறோம், அவையும் பொய்யில்லை. ஆனால் 'வாய்ப்பு' என்ற சொல் ஒரு விஷயத்தை மூடிமறைக்கிறது. வாய்ப்புக் கொடுக்கிறவர் ஒருவர், பெறுகிறவன் ஒருவன். ஒருவனுடைய வாயில் இன்னொருவர் சொற்களை வைப்பது லேசான காரியமில்லை. பெரியவர்கள் நடிக்கும்போது அதற்குச் சம்பளமோ சிநேகிதமோ கொள்கையோ ஈடாக இருக்கிறது. பிடிக்காவிட்டால் குழுவை விட்டுப் போகலாம். வகுப்பறையை விட்டுப் பையன் எங்கே போவான்?

நமக்கு இதில் ஒரு சரித்திரமே உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கியது. டி.கே.எஸ். சகோதரர்கள் அந்த வருஷமே அதில் சேர்ந்தார்கள். சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. பெரிய நடிகர்கள் எழுதினதை விட்டுவிட்டு மேடையில் தங்கள் இஷ்டத்துக்குத் தர்க்கம் செய்துகொண்டு போனார்கள், கட்டுப்படவில்லை, ஆகவே பையன்களைத் தேடிப் போனார்கள் என்பது பாலர் சபைகள் பிறந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. 'மாட்டேன்' சொல்லத் தெரியாதவனே நல்ல நடிகன் என்று இதற்கு அர்த்தம். நாடகம் எழுதிப் பயிற்றுவிக்கிறவரை அவர்கள் வாத்தியார் என்றே அழைத்தார்கள் என்பது தற்செயலான ஒற்றுமை இல்லை. சோறும், பாட்டும், தமிழும் அங்கே கிடைத்தன. வேறு எங்கும் அவை கிடைத்திராத பிள்ளைகள் அவர்கள். தமிழ் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் வந்த பெரிய நடிகர்களில் பலர் பாய்ஸ் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். இந்தக் கடனை மறுக்க முடியாது. ஆனால் மகரக்கட்டு வந்து குரல் உடைந்ததும் நேற்றுவரை ராஜபார்ட்டோ ஸ்திரீபார்ட்டோ கட்டினவன் ஓரமாக நின்றான். உடம்பு தானாகச் சொல்கிற முதல் 'மாட்டேன்' அது. கம்பெனியில் அதற்கு மட்டும் செல்லுபடி இருந்தது.

சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதினார் என்பது பிரசித்தம். சண்முகம்தான் அபிமன்யு. நாடகம் என்னவோ கல்யாணக் கதை. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் அந்தப் பையன் பிற்பாடு எங்கே அனுப்பப்படப் போகிறான் என்பது தெரியும்.

பையனை அனுப்புகிற பெரியவர்கள் என்ற இந்த விஷயத்தையே கருவாக வைத்து, பள்ளிப் பிள்ளைகள் பாடி நடிப்பதற்கென்று ஒரு நாடகம் 1930ல் பெர்லினில் எழுதப்பட்டது. பிரெக்டின் 'ஆம் சொல்கிறவன்'. இசை குர்ட் வைல். மூலம் 'தானிக்கோ' என்ற ஜப்பானிய நோ நாடகம். அதை ஆங்கிலத்தில் சுருக்கித் தந்தவர் ஆர்தர் வேலி. அதிலிருந்து ஜெர்மனுக்குக் கொண்டுவந்தவர் எலிஸபெத் ஹாப்ட்மான். மூலத்தில் பள்ளத்தாக்கில் எறியப்பட்ட பையன் தெய்வ அருளால் உயிரோடு திரும்புகிறான். வேலி அந்த முடிவை வெட்டிவிட்டார். பிரெக்டுக்குக் கிடைத்தது தெய்வம் வராத கதை.

ஓர் ஆசிரியர் மாணவர்களுடன் மலை தாண்டிப் போகிறார். தாய்க்கு நோய் என்பதால், மருந்து வாங்கிவர ஒரு பையனும் பிடிவாதமாகக் கூடப் போகிறான். வழியில் அவனே நோயில் விழுகிறான். அந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது: உனக்காக நாங்கள் திரும்பவேண்டுமா என்று நோயாளியைக் கேட்கவேண்டும். அவன், வேண்டாம் என்று சொல்லவேண்டும். கேள்வியும் வழக்கம், பதிலும் வழக்கம். சம்மதம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் எப்படி இருக்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டின இடம் எனக்குத் தெரியவில்லை. பையன் யோசிக்கிறான், ஒப்புக்கொள்கிறான். தனியாகக் கிடந்து சாகப் பயமாக இருக்கிறது, பள்ளத்தாக்கில் எறிந்துவிடுங்கள் என்று மட்டும் கேட்கிறான். கண்ணை மூடிக்கொண்டு எறிகிறார்கள். ஆசிரியர் பயணத்தைத் தொடர்கிறார்.

இடதுசாரி விமர்சகர்கள் சிலர் இதைக் குருட்டுக் கீழ்ப்படிதலின் துதி என்று கண்டித்தார்கள். மதச் சார்புள்ளவர்களிடமிருந்து பாராட்டு வந்தது. அது பிரெக்டுக்கு இன்னும் சங்கடமாக இருந்திருக்கவேண்டும். ஆனால் அவரை மாற்றினது விமர்சகர்கள் இல்லை. பெர்லினின் நொய்க்யோல்ன் பகுதியில் கார்ல் மார்க்ஸ் பள்ளி என்று ஒன்று இருந்தது. அங்கே மாணவர்களிடம் நாடகத்தைக் கொடுத்து விவாதிக்கவிட்டார்கள். இந்தச் சாவுக்கு என்ன அவசியம், வழக்கம் என்பதற்காக ஒருவன் உயிரை விடலாமா என்ற ரீதியில் அவர்கள் ஆட்சேபித்தார்கள். பிரெக்ட் அதைக் கேட்டார். நாடகத்தைத் திருத்தினார், பயணத்தின் காரணம் ஊரில் பரவிய கொள்ளைநோய் என்று மாறிற்று. அதோடு 'இல்லை சொல்கிறவன்' என்று இரண்டாவது நாடகத்தையும் எழுதினார். அதில் பையன் மறுக்கிறான். ஒவ்வொரு புது நிலைமையிலும் புதிதாக யோசிப்பது என்கிற வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்வோம் என்கிறான். ஊர் சிரிக்கும் என்று தெரிந்தும் எல்லோரும் அவனோடு திரும்புகிறார்கள். முடிந்தவரை ஒன்றில்லாமல் மற்றதை நடிக்கவேண்டாம் என்று குறிப்பும் எழுதி, மாணவர்களின் பேச்சையும் சேர்த்து அச்சிட்டார்.

நாடகமாக இரண்டாவதைவிட முதலாவதே வலுவானது. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. வைல் இரண்டாவதற்கு இசை அமைக்கவே இல்லை. பள்ளிகளில் பரவியதும் பாட்டுள்ள முதல் நாடகம்தான். 1933ல் ஹிட்லர் வந்ததும் அந்தப் பள்ளியின் தலைவர் ஃப்ரிட்ஸ் கார்சன் பதவியிலிருந்து நீக்கப்பட்டு நாட்டை விட்டு வெளியேறினார். பிள்ளைகள் 'இல்லை' என்று சொல்லக் கற்ற இடத்தை அடையாளம் கண்டுகொள்வதில் சர்வாதிகாரிகளுக்குக் கூர்மை அதிகம்.

இங்கே எனக்குக் கதை சொல்வது ஞாபகம் வருகிறது. பாட்டி கதை சொன்னால் கேட்கிறவன் 'உம்' கொட்டவேண்டும். இதுவும் ஒரு சம்மதம்தான், ஒற்றை அசைச் சம்மதம். ஆனால் அவன் 'உம்' கொட்டுவதை நிறுத்தினால் கதை நின்றுபோகும். தூங்கிவிட்டானா, பிடிக்கவில்லையா, பயந்துவிட்டானா என்று பாட்டி குனிந்து பார்க்கிறாள். ராட்சசனைக் கொஞ்சம் சின்னவனாக்குகிறாள். சொல்கிறவளைத் தடுத்து நிறுத்துகிற பலம் கேட்கிறவனிடம் இருக்கிறது. ஆசிரியர்களுக்குக் கதை சொல்லும் பயிற்சி என்று குரல் ஏற்ற இறக்கமும் கைபொம்மையும் சொல்லிக் கொடுக்கிறார்கள். 'உம்' நின்றால் தானும் நிற்கத் தெரிவதைச் சொல்லிக் கொடுக்கிறார்களா?

இதுவரை சொன்னதெல்லாம் மறுக்க முடிகிற நிலைமையில் இருக்கிறவர்களுக்கு. மறுக்கவே முடியாத இடத்தில் ஒரு ஆசிரியர் குழந்தைகளுக்கு நாடகம் கொடுத்தார். வார்ஸா கெட்டோவில் யானுஷ் கோர்ச்சாக்கின் அநாதை இல்லம். ஏறக்குறைய 200 குழந்தைகள். 1942 ஜூலை 18 அன்று அவர்கள் தாகூரின் 'தபால் நிலைய'த்தை நடித்தார்கள். தாகூர் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நோயாளிப் பையன் அமல், ஜன்னலுக்கு வெளியே உலகத்தைப் பார்த்துக்கொண்டு, ராஜாவின் கடிதத்துக்காகக் காத்திருக்கிறான்; கடைசியில் உறங்குகிறான். நான்கு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, கெட்டோவிலிருந்து ஆட்களை ரயிலேற்றத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் இல்லத்தின் முறை வந்தது. த்ரெப்ளிங்காவுக்குப் போன அந்தக் குழந்தைகள் யாரும் திரும்பவில்லை.

சாவை அமைதியாக ஏற்கக் குழந்தைகள் பழகவேண்டும் என்பதற்காக இந்த நாடகத்தைத் தேர்ந்ததாகக் கோர்ச்சாக் சொன்னதாய்க் கூறுவார்கள். அப்படியானால் இதுவும் ஆம் சொல்லப் பழக்குவதுதானே என்ற கேள்வியை, அவர் மீதுள்ள பக்தியால் நாம் விழுங்கிவிடக் கூடாது. நான் இதோடு பல நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன். நாடகத்துக்குள் தேடினால் பதில் கிடைப்பதில்லை. அமலை யாரும் எதற்கும் சம்மதம் கேட்பதில்லை. அவனுக்கு வெளியே போகவேண்டும், அவ்வளவுதான். பதில் நாடகத்துக்கு வெளியே இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, அந்த இல்லத்தில் குழந்தைகளே நடத்திய நீதிமன்றம் இருந்தது. கோர்ச்சாக்கின் மீதே அங்கே வழக்குகள் வந்தன, அவர் குற்றவாளியாக நின்றார். அவருக்கு 'இல்லை' சொல்லி அந்தக் குழந்தைகளுக்கு வருஷக்கணக்கில் பழக்கம் உண்டு. இன்னொன்று, தப்பிப்பதற்கு அவருக்கு வழிகள் முன்வைக்கப்பட்டன. அவர் மறுத்துக் குழந்தைகளோடு ரயிலேறினார். பிரெக்டின் ஆசிரியர் பயணத்தைத் தொடர்கிறார்; கோர்ச்சாக் பள்ளத்தாக்கில் இறங்கினார். அவர் கொடுத்த வசனத்தைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடிவது இதனால்தான். அதன் சாந்தத்தினால் இல்லை.

எல்லா ஆசிரியரும் கோர்ச்சாக் ஆகவேண்டும் என்பது அபத்தம். ஆண்டுவிழாவில் யாரும் சாகப்போவதில்லை. ஆனால் ஒத்திகையில் செய்து பார்க்கக்கூடிய சின்ன விஷயம் ஒன்று இருக்கிறது. அபிமன்யு கதையையே எடுத்துக்கொள்ளட்டும். ஆசிரியர் ஓரத்தில் பிரம்போடும் பிரதியோடும் நிற்காமல் தருமர் வேஷம் கட்டட்டும். சக்கரவியூகத்தை உடைத்துக்கொண்டு போ, நாங்கள் பின்னாலேயே வருகிறோம் என்று அவரே பையனிடம் சொல்லட்டும். அந்த இடத்தில் பையனுக்கு வசனம் எழுதித் தரவேண்டாம். வெளியே வரும் வழி எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியுமா என்று அவன் கேட்கலாம். நீங்கள் முன்னால் போங்கள் என்று சொல்லலாம். பாரதத்தில் தருமர் பின்னால் வரத்தான் செய்தார், ஜயத்ரதன் மறித்துவிட்டான். இந்தத் தருமர் என்ன சொல்வார் என்று வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு ஒத்திகை அதோடு நின்றுபோகலாம். விழாத் தேதி நெருங்குகிறதே என்று தலைமையாசிரியர் கோபித்துக்கொள்வார்.